டிக்டாக் முதல் டிரம்ப் வழக்கு வரை: அமெரிக்காவின் ‘நம்பர் 2’ கோர்ட்டில் தலைமை நீதிபதியான ஸ்ரீ ஸ்ரீனிவாசன் யார்? நெல்லைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

திருவண்ணாமலை என்றதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது கிரிவலமும் கார்த்திகை தீபமும்தான். ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போய் ‘திருவண்ணாமலைக்குப் போறோம்’ என்று சொன்னால் அர்த்தமே வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி, மலை மேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர் அது. புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். சுற்றுவட்டாரத்தில் அதற்கு இன்னொரு பெயர், ‘தென் திருப்பதி’.

இதே ‘தென் திருப்பதி’ பெயரைக் கொண்டாடும் இன்னொரு ஊர் திருநெல்வேலி பக்கம் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. மேலத்திருவேங்கடநாதபுரம். அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்து அதிகம் கவனிக்கப்படும் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதி ஆனார். அவர் பெயரும் ஸ்ரீனிவாசன்தான்.

டிக்டாக் தடை, டிரம்ப் மீதான நாடாளுமன்றக் கலவர வழக்கு, ஹெச்-4 விசாவில் இருப்பவர்களின் வேலை உரிமை... அமெரிக்காவில் இருந்து வரும் பெரிய கோர்ட் செய்திகளில் ‘டிசி சர்க்யூட்’ என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. அது என்ன கோர்ட்? அங்கே ஒருவர் நீதிபதி ஆவது எப்படி? ஸ்ரீனிவாசன் உண்மையில் என்ன தீர்ப்புகளை எழுதினார்? பார்க்கலாம்.

முதலில், ‘ஃபெடரல் அப்பீல் கோர்ட்’ அப்படின்னா என்ன?

நம்ம ஊர்க் கணக்கிலேயே சொல்லலாம். ராஜபாளையத்தில் இரண்டு பேருக்குள் இடத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். வழக்கு அங்குள்ள முன்சீஃப் கோர்ட்டில் தொடங்கும். தோற்றவர் அப்பீல் போனால் சார்பு நீதிமன்றமோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட நீதிமன்றமோ விசாரிக்கும். (விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகரம் விருதுநகர் என்றாலும், முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான்.) அதற்கு மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. கடைசிப் படி, டெல்லியில் உச்ச நீதிமன்றம்.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே இரண்டு தனித்தனி ஏணிகள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாகக் கீழ்க் கோர்ட் முதல் மாநில உச்ச நீதிமன்றம் வரை உண்டு. இது ஓர் ஏணி. மத்திய அரசின் சட்டங்கள், அரசியல் சாசனம் தொடர்பான வழக்குகளுக்குத் தனியாக ஃபெடரல் கோர்ட்டுகள். இது இன்னோர் ஏணி. இந்த ஃபெடரல் ஏணியில் மூன்றே படிகள்:

- மாவட்ட நீதிமன்றம் (சாட்சி விசாரணை, ஆதாரங்கள் எல்லாம் இங்கேதான்)
- மேல்முறையீட்டு நீதிமன்றம் (இதைத்தான் ‘சர்க்யூட் கோர்ட்’ என்கிறார்கள்)
- உச்ச நீதிமன்றம்

மொத்தம் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். அவற்றில் 179 நீதிபதி பணியிடங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மனுக்கள் போகின்றன. ஆனால் அது முழுமையாக விசாரித்துத் தீர்ப்பு சொல்வது 100 வழக்குகளுக்கும் குறைவு. அதாவது, பெரும்பாலான வழக்குகளில் சர்க்யூட் கோர்ட் சொல்வதுதான் கடைசி வார்த்தை. இந்த நீதிபதிகளின் நியமனத்துக்கு அங்கே அவ்வளவு அடிதடி நடப்பதற்குக் காரணம் இதுதான்.

13-ல் டிசி சர்க்யூட் மட்டும் ஏன் ஸ்பெஷல்?

நிலப்பரப்பில் பார்த்தால் இது ரொம்பச் சின்னது. தலைநகர் வாஷிங்டன் மட்டும்தான் எல்லை. நீதிபதி பணியிடங்கள் வெறும் 11. ஒப்பீட்டுக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் அனுமதிக்கப்பட்ட நீதிபதிகள் எண்ணிக்கை 75.

ஆனால் மத்திய அரசின் துறைகளும் ஒழுங்குமுறை ஆணையங்களும் இருப்பது வாஷிங்டனில்தானே! சுற்றுச்சூழல் விதி, தொலைத்தொடர்பு விதி, தொழிலாளர் சம்பள விதி, குடியேற்ற விதி என அரசு எதைக் கொண்டுவந்தாலும், அதை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இந்த கோர்ட் வாசலில். அதனால்தான் ‘நாட்டின் இரண்டாவது சக்திவாய்ந்த நீதிமன்றம்’ என்ற பட்டப்பெயர்.

இன்னொரு காரணமும் உண்டு. உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் பாதை இந்த வழியாகவே அதிகம் போகிறது. ஜான் ராபர்ட்ஸ், கிளாரன்ஸ் தாமஸ், பிரெட் கவனா, கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் ஆகிய நால்வரும் டிசி சர்க்யூட்டில் இருந்து உச்ச நீதிமன்றம் போனவர்கள்.

நம்ம வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. ராஜபாளையத்திலோ நெல்லையிலோ பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்கவும் வேலைக்கும் அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நிறைய. அங்கே படிப்பு முடித்த மாணவர்கள் அதே விசாவில் சில காலம் வேலை பார்க்க அனுமதிக்கும் ‘ஓபிடி’ திட்டம் செல்லும் என்று 2022 அக்டோபரில் சொன்னது இந்த கோர்ட். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களின் கணவன் அல்லது மனைவிக்கு (ஹெச்-4) வேலை பார்க்கும் அனுமதி தரும் விதியும் செல்லும் என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததும் இதே கோர்ட்.

இவை வெவ்வேறு அமர்வுகள் வழங்கிய தீர்ப்புகள். ஒரு நீதிபதியின் கருணையால் வந்தவை அல்ல. ஆனால் அந்த 11 இருக்கைகளில் யார் உட்கார்கிறார்கள் என்பது இங்கே பலர் வீட்டு வரவு செலவையும் தொடுகிற விஷயம் என்பதற்கு இவை உதாரணம்.

சரி, யார் இந்த ஸ்ரீனிவாசன்?

முழுப்பெயர் பத்மநாபன் ஸ்ரீகாந்த் ஸ்ரீனிவாசன். அமெரிக்காவில் எல்லோருக்கும் ‘ஸ்ரீ’. ஸ்ரீனிவாசன் என்பது அப்பா பெயர். தமிழ்நாட்டில் இருந்திருந்தால் இனிஷியலாக நின்றிருக்கும். அமெரிக்காவில் அதுவே குடும்பப் பெயராகி, இப்போது தீர்ப்புகளின் தலைப்பில் வருகிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் பிறந்தது நெல்லையில் இல்லை. 1967 பிப்ரவரி 23 அன்று சண்டிகரில் பிறந்தார். தந்தை வழிப் பூர்வீகம்தான் மேலத்திருவேங்கடநாதபுரம். 1970-களின் தொடக்கத்தில் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. தந்தை கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வளர்ந்தது அதே கன்சாஸ் மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் நகரில். பள்ளி நாட்களில் கூடைப்பந்து அணியில் ஆடினார். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான டேனி மேனிங் அந்த அணியில் அவருடன் விளையாடியவர்.

ஸ்டான்ஃபோர்டில் இளங்கலை. பிறகு அங்கேயே சட்டமும் எம்பிஏ-வும் சேர்த்து 1995-ல் முடித்தார். அடுத்து நடந்ததுதான் அமெரிக்க நீதித்துறையில் மேலே போவதற்கான ‘ராஜபாட்டை’:

- 1995-96: ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிபதி ஹார்வி வில்கின்சனிடம் சட்ட உதவியாளர்
- 1997-98: உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானரிடம் சட்ட உதவியாளர்
- 2002-07: ஜார்ஜ் புஷ் ஆட்சியில் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் அரசு வழக்கறிஞர்
- 2007-11: ‘ஓமெல்வனி அண்ட் மையர்ஸ்’ சட்ட நிறுவனத்தில் பங்குதாரர்
- 2011-13: ஒபாமா ஆட்சியில் முதன்மைத் துணை சொலிசிட்டர் ஜெனரல்

வில்கின்சன், ஓ’கானர் இருவரும் குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் நியமித்தவர்கள். குடியரசுக் கட்சி ஆட்சியிலும் ஜனநாயகக் கட்சி ஆட்சியிலும் அரசுக்காக வாதாடியவர் ஸ்ரீனிவாசன். நீதிபதி ஆவதற்கு முன்பே உச்ச நீதிமன்றத்தில் 25 வழக்குகளில் நின்று வாதாடியிருந்தார். ‘இவர் எந்தக் கட்சி ஆள்?’ என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாத பயோடேட்டா. பிறகு அவருக்குக் கைகொடுத்ததும் அதுதான்.

விமர்சனமே இல்லையா?

இருந்தது. அதுவும் அவரை நியமித்த தரப்பின் பக்கத்தில் இருந்தே.

தனியார் வழக்கறிஞராக இருந்தபோது, என்ரான் மோசடி வழக்கில் தண்டனை பெற்ற அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைமை அதிகாரி ஜெஃப்ரி ஸ்கில்லிங்குக்காக 2010-ல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். இந்தோனேசியாவின் அச்சே பகுதி மக்கள் தொடர்ந்த மனித உரிமை வழக்கில் எக்ஸான்மொபில் நிறுவனத்தின் தரப்பில் இருந்தார். ‘கார்ப்பரேட் வக்கீலை ஜனநாயகக் கட்சி அதிபர் ஏன் நியமிக்க வேண்டும்?’ என்ற கேள்வி முற்போக்கு வட்டாரத்தில் எழுந்தது.

‘வக்கீல் கட்சிக்காரருக்காக வாதாடுவார், அது அவர் சொந்தக் கருத்து ஆகாது’ என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். நியாயமான பதில்தான். ஆனால் ஒருவர் எந்தப் பக்கம் நின்று பழகினார் என்று கேட்கிற உரிமை மக்களுக்கு உண்டு. அந்தக் கேள்விக்கான பதிலை அவர் எழுதிய தீர்ப்புகளில்தான் தேட வேண்டும். அதற்குக் கீழே வருவோம்.

97-0: நியமனம் எப்படி நடந்தது?

அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதியை அதிபர் பரிந்துரைப்பார். செனட் சபை வாக்கெடுப்பில் ஒப்புதல் தர வேண்டும். ஒபாமா ஸ்ரீனிவாசனின் பெயரை அனுப்பியது 2012 ஜூனில். அந்த ஆண்டு அது நகரவில்லை. 2013 ஜனவரியில் மீண்டும் அனுப்பினார்.

அப்போது டிசி சர்க்யூட் நிலவரம் மோசம். 2006-ல் கவனா போன பிறகு ஏழு ஆண்டுகளாக ஒரு புதிய நீதிபதிகூட அங்கே போகவில்லை. 11 இடங்களில் 4 காலி. ஒபாமா முன்பு பரிந்துரைத்த கெய்ட்லின் ஹாலிகன் பெயரைக் குடியரசுக் கட்சியினர் முட்டுக்கட்டை போட்டு நிறுத்திவிட்டார்கள்.

இந்தச் சூழலில் 2013 ஏப்ரல் 10 அன்று செனட் நீதித்துறைக் குழு முன் ஸ்ரீனிவாசன் உட்கார்ந்தார். கேமரா முன்னால், பொதுமக்கள் பார்க்க, கேள்வி மேல் கேள்வி. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், தன்பாலினத் திருமணங்களை மத்திய அரசு அங்கீகரிக்க மறுத்த சட்டம் தொடர்பான வழக்கில், அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டா என்ற பகுதியில் அரசுத் தரப்பில் வாதாடியிருந்தார். ஆனாலும் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸ் போன்றவர்களே அவரை எதிர்க்கவில்லை. குழுவில் 18-0. மே 23 அன்று முழு செனட்டில் 97-0.

அமெரிக்க ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தெற்காசிய வம்சாவளியில் வந்த முதல் நீதிபதி அவர். வயது 46. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த பதவியேற்பு விழாவில் பகவத் கீதை மீது கை வைத்து உறுதிமொழி எடுத்தார். உறுதிமொழி செய்து வைத்தவர், அவர் உதவியாளராக இருந்த அதே ஓ’கானர்.

இந்த 97-0 எவ்வளவு அபூர்வம் என்பது சில மாதங்களில் தெரிந்துவிட்டது. அதே கோர்ட்டுக்கு ஒபாமா பரிந்துரைத்த அடுத்த மூன்று பேரையும் குடியரசுக் கட்சியினர் முடக்கினார்கள். பொறுமை இழந்த ஜனநாயகக் கட்சி, 2013 நவம்பர் 21 அன்று செனட் விதியையே மாற்றியது. 60 வாக்கு இருந்தால்தான் முட்டுக்கட்டையை உடைக்க முடியும் என்ற நிலை போய், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றானது. அதன் பிறகு அங்கே நீதிபதி நியமனம் என்பது பெரும்பாலும் கட்சி வாரியான வாக்கெடுப்பாகவே மாறியது. இரண்டு கட்சியும் ஒன்றாகக் கைதூக்கிய காலத்தின் கடைசிப் படிகளில் ஏறி வந்தவர் ஸ்ரீனிவாசன் என்று சொல்லலாம்.

கையெட்டும் தூரத்தில் உச்ச நீதிமன்றம்

2016 பிப்ரவரி 13. உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டனின் ஸ்கலியா காலமானார். அந்த இடத்துக்கு ஒபாமாவின் இறுதிப் பட்டியலில் அடிபட்ட பெயர்களில் ஸ்ரீனிவாசனும் ஒருவர். மேலத்திருவேங்கடநாதபுரத்தின் பக்கம் இங்குள்ள ஊடகங்களின் பார்வை திரும்பியது அப்போதுதான்.

ஆனால் மார்ச் 16 அன்று ஒபாமா அறிவித்த பெயர் மெரிக் கார்லண்ட். அவர் அப்போது இதே டிசி சர்க்யூட்டின் தலைமை நீதிபதி. தேர்தல் ஆண்டு என்று காரணம் சொல்லி, குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை செனட் அவருக்கு விசாரணையே நடத்தவில்லை. டிரம்ப் வந்த பிறகு அந்த இடம் நீல் கோர்சச்சுக்குப் போனது. ஸ்ரீனிவாசன் அன்று தேர்வாகியிருந்தால்கூட அந்த நாற்காலி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

2020 பிப்ரவரி 12 அன்று கார்லண்டுக்கு அடுத்து ஸ்ரீனிவாசன் தலைமை நீதிபதி ஆனார். ஃபெடரல் சர்க்யூட் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்திய வம்சாவளி நீதிபதி.

அவர் எழுதிய தீர்ப்புகள் என்ன சொல்கின்றன?

மாதுளம் ஜூஸ் வழக்கு (2015): ‘எங்கள் மாதுளம் ஜூஸ் குடித்தால் இதய நோய் வராது, புற்றுநோய் வராது’ என்ற ரீதியில் விளம்பரம் செய்தது ‘பாம் வொண்டர்ஃபுல்’ நிறுவனம். வர்த்தக ஆணையம் இதைத் தவறான விளம்பரம் என்றது. ஆணையம் சொன்னது சரிதான் என்று எழுதினார் ஸ்ரீனிவாசன். ஆனால் இனிமேல் இப்படி விளம்பரம் செய்ய இரண்டு மருத்துவப் பரிசோதனை ஆதாரம் வேண்டும் என்று ஆணையம் போட்ட நிபந்தனையை ஒன்றாகக் குறைத்தார். அரசு பிடித்தது சரி, ஆனால் பிடி கொஞ்சம் இறுக்கம் என்பதுதான் அதன் சாரம்.

வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர் வழக்கு (2015): முதியோரையும் நோயாளிகளையும் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சி ஊழியர்களுக்கு, குறைந்தபட்சச் சம்பளமும் ஓவர்டைமும் தர வேண்டும் என்று தொழிலாளர் துறை விதி கொண்டுவந்தது. கீழ்க் கோர்ட் ரத்து செய்தது. ஸ்ரீனிவாசன் எழுதிய தீர்ப்பு அந்த விதியைத் திரும்ப உயிர்ப்பித்தது. சுமார் 20 லட்சம் தொழிலாளர்களைத் தொட்ட தீர்ப்பு. ‘கார்ப்பரேட் வக்கீல்’ என்ற பழைய விமர்சனத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வழக்கு இது.

உச்ச நீதிமன்ற வாசல் போராட்டம் (2015): உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்கு முன் உள்ள தளத்தில் பதாகை ஏந்தி நின்றவர் கைதானார். அங்கே போராட்டத்தைத் தடை செய்யும் சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று கீழ்க் கோர்ட் சொன்னது. ஸ்ரீனிவாசன் அதை மாற்றி, சட்டம் செல்லும் என்றார். பக்கத்து நடைபாதையில் போராடலாம், ஆனால் தளத்தில் கூடாது. குடிமக்கள் உரிமை பேசுபவர்களுக்கு உவப்பில்லாத தீர்ப்பு.

நெட் நியூட்ராலிட்டி (2016): இணைய நிறுவனங்கள் எந்த வெப்சைட்டுக்கும் தனி வேகம், தனிக் கட்டணம் வைக்கக்கூடாது என்ற விதியை 2-1 என்ற கணக்கில் உறுதி செய்த அமர்வில், பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி டேவிட் டாட்டெலுடன் சேர்ந்து எழுதினார். அதே 2016 பிப்ரவரியில்தான் இந்தியாவில் டிராய், பேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ போன்ற பாரபட்சக் கட்டணங்களுக்குத் தடை போட்டது. (அமெரிக்க விதியை 2017-ல் டிரம்ப் கால ஆணையம் விலக்கிக்கொண்டது.)

டிரம்ப் வழக்கு (2023 டிசம்பர் 1): 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கலவரத்துக்காக டிரம்ப் மீது போலீஸ்காரர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இழப்பீடு கேட்டு சிவில் வழக்கு போட்டார்கள். ‘அதிபராக இருந்தபோது செய்ததற்கு என் மீது வழக்குப் போட முடியாது’ என்பது டிரம்ப் தரப்பு வாதம்.

இங்கே ஸ்ரீனிவாசன் போட்ட கோடு முக்கியம். அதிபர் என்ற பதவியின் வேலையாகச் செய்வதற்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் முதல் பதவிக்காலத்தில் இருக்கும் அதிபர் மறுபடி ஜெயிக்க ஓட்டுக் கேட்டுப் பிரசாரம் செய்வது பதவியின் வேலை இல்லை. அப்போது அவர் பதவியில் இருப்பவர் அல்ல, பதவியைத் தேடுபவர். மற்ற வேட்பாளர்களுக்கு இல்லாத பாதுகாப்பு அவருக்கு மட்டும் எதற்கு?

ஆனால் வழக்கில் டிரம்ப் தோற்றுவிட்டார் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வழக்கு தொடரலாம், தன் செயல் அதிகாரபூர்வமானது என்று நிரூபிக்க டிரம்புக்கு வாய்ப்பு உண்டு என்று மட்டும்தான் சொன்னது. டிரம்ப் நியமித்த நீதிபதி கிரெகரி காட்சஸ் அந்தத் தீர்ப்பில் உடன்பட்டது கவனிக்க வேண்டிய விஷயம்.

டிக்டாக் (2024 டிசம்பர் 6): இந்தியா 2020 ஜூன் 29 அன்று ஓர் அரசு உத்தரவிலேயே டிக்டாக்கை முடக்கியது. அமெரிக்காவில் நாடாளுமன்றம் சட்டம் போட, அது டிசி சர்க்யூட் போனது. மூன்று நீதிபதிகளில் இருவர் இந்திய வம்சாவளி: ஸ்ரீனிவாசன், டிரம்ப் நியமித்த நியோமி ராவ். மூவருமே சட்டம் செல்லும் என்றார்கள்.

ஆனால் ஸ்ரீனிவாசன் தனியாக ஒரு கருத்து எழுதினார். பேச்சுரிமையைத் தொடும் சட்டத்தை எவ்வளவு கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. மற்ற இருவரும், மிகக் கடுமையான சோதனை வைத்தாலும் இந்தச் சட்டம் தேறும் என்றார்கள். தகவல் தொடர்பு ஊடகங்கள் வெளிநாட்டுக் கட்டுப்பாட்டில் இருப்பதைத் தடுப்பது அமெரிக்காவில் நீண்டகால வழக்கம், அதனால் நடுத்தரச் சோதனையே போதும் என்றார் இவர். 2025 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றமும் சட்டத்தை உறுதி செய்தது. அது பயன்படுத்தியதும் நடுத்தரச் சோதனைதான்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாணி தெரிகிறது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். தேவைக்கு மேல் ஒரு அடிகூட எடுத்து வைப்பதில்லை. ஆதரவாளர்கள் இதை நிதானம் என்கிறார்கள். அவரிடம் துணிச்சலான தீர்ப்புகளை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகவும் இருக்கலாம்.

இந்தியாவுடன் ஒப்பிட்டால்?

பதவிக்காலம்: இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 62, உச்ச நீதிமன்றத்தில் 65. அமெரிக்க ஃபெடரல் நீதிபதிக்கு ஓய்வு வயதே கிடையாது. ஸ்ரீனிவாசன் இங்கே உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்திருந்தால் 2029-ல் ஓய்வு. அங்கே அவர் விரும்பும் வரை இருக்கலாம்.

தலைமை நீதிபதி: இங்கே உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பெரும்பாலும் வேறு மாநிலத்தில் இருந்து வருவார். அங்கே அதே கோர்ட்டில் சீனியாரிட்டிப்படி வருகிறது. அதிகபட்சம் 7 ஆண்டுகள். அந்தக் கணக்கில் ஸ்ரீனிவாசனுக்கு 2027 பிப்ரவரி வரை. அதன் பிறகு தலைமைப் பொறுப்பு மட்டும்தான் போகும், நீதிபதி பதவி தொடரும்.

எந்த வழக்கு யாருக்கு? இங்கே எந்த அமர்வு எதை விசாரிக்கும் என்று முடிவு செய்யும் அதிகாரம் தலைமை நீதிபதியிடம். டிசி சர்க்யூட்டில் மூன்று பேர் கொண்ட அமர்வுகள் குலுக்கல் முறையில் அமைகின்றன. தலைமை நீதிபதி நினைத்தாலும் பெரிய வழக்கைத் தன் கைக்குக் கொண்டுவர முடியாது.

தேர்வு: இங்கே கொலீஜியம். நீதிபதிகளே நீதிபதிகளைப் பரிந்துரைக்கிறார்கள். அதை மாற்றக் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையச் சட்டத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4-1 என ரத்து செய்தது. கட்சிகள் நேரடியாகக் கைவைக்க முடியாது என்பது இதன் பலம். ஒருவர் ஏன் தேர்வானார், ஏன் ஒதுக்கப்பட்டார் என்று மக்களுக்கு முழுதாகத் தெரியாது என்பது பலவீனம். அமெரிக்காவில் எல்லாம் கேமரா முன்னால் நடக்கிறது. ஆனால் கட்சிச் சண்டையும் சேர்ந்தே நடக்கிறது. ஸ்ரீனிவாசனுக்குக் கிடைத்த 97-0, கார்லண்டுக்கு மறுக்கப்பட்ட விசாரணை, இரண்டும் ஒரே முறையின் இரண்டு முகங்கள்.

‘நம்ம ஊர் நீதிபதி’ என்று கொண்டாடலாமா?

கொண்டாடுவதில் தப்பில்லை. தாமிரபரணிக் கரையில் வேர் கொண்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை, அமெரிக்க அதிபரின் அதிகார எல்லை எது என்று தீர்ப்பு எழுதுகிறார் என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் ‘நம்ம ஆள், நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்வார்’ என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். டிக்டாக் வழக்கில் ஸ்ரீனிவாசனும் ராவும் ஒரே ஊர்வழி என்பதால் ஒரே காரணம் சொல்லவில்லை. இருவரையும் நியமித்த அதிபர்கள் வேறு, சட்டப் பார்வை வேறு. டிரம்ப் வழக்கிலோ எதிரெதிர் அதிபர்கள் நியமித்தவர்கள் ஒரே தீர்ப்பில் சேர்ந்தார்கள். பூர்வீகமோ, நியமித்த கட்சியோ தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடாது.

அடுத்த முறை ‘தமிழ் வம்சாவளி நீதிபதி அதிரடித் தீர்ப்பு’ என்று போனில் நோட்டிஃபிகேஷன் வந்தால் மூன்று விஷயத்தை மட்டும் பாருங்கள். தீர்ப்பை எழுதியது அவரா, அல்லது அமர்வில் ஒருவராக மட்டும் இருந்தாரா? வழக்கு முடிந்ததா, அல்லது மேலே தொடரலாம் என்று மட்டும் சொன்னார்களா? உச்ச நீதிமன்றத்துக்குப் போக இன்னும் வழி இருக்கிறதா?

இந்த மூன்று கேள்வியும் வாஷிங்டனுக்கு மட்டும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் தீர்ப்புக்கும், மதுரைக் கிளைத் தீர்ப்புக்கும் அப்படியே பொருந்தும்.